ஆட்டக்காரர் பட்டியலும் நிலப் பத்திரமும்

 

1913 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கில் வந்து இறங்கினார். வயது 22. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர வந்தவர். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அதே நகரத்தின் ப்ரூக்ளின் பகுதியில் எப்பெட்ஸ் ஃபீல்டு என்ற பேஸ்பால் அரங்கம் திறக்கப்பட்டிருந்தது. அண்ணல் அந்த நகரத்தில் படித்த ஆண்டுகளில், அந்த அரங்கின் சொந்த அணியிலோ, அதை எதிர்த்து ஆட வந்த பெரிய லீக் அணிகளிலோ கறுப்பர் என்று அறியப்பட்ட ஒருவர்கூடக் கிடையாது. பின்னாளில் அந்த அணியில்தான் முதல் கறுப்பர் களமிறங்கினார். அதே அணிதான் பிறகு வேறொரு நகரத்தில் ஏழைகளின் மூன்று குடியிருப்புகள் நின்ற மண்ணின் மேல் தன் அரங்கத்தைக் கட்டியது. அந்த அணியின் பெயர் டாட்ஜர்ஸ்.

இந்த மேடையில் பேஸ்பால் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாம் யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தத் தோழருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நம் ஆள் ஒருவருக்கு ஒரு பதவியோ இடமோ கிடைத்தது என்று இளைஞர்கள் ஓடிவந்து சொன்னால் மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, அந்தக் கட்டடம் நிற்கிற மனை யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிப்பார். சந்தோஷத்தைக் கெடுக்கிறாரே என்று எனக்கே எரிச்சல் வந்ததுண்டு. அவருடைய அந்தக் கேள்வியை டாட்ஜர்ஸ் அணியிடம் கேட்டுப் பார்ப்பதுதான் இன்றைய என் வேலை. ஒரு அணிக்கு இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று யார் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல். மற்றது அரங்கத்தின் நிலப் பத்திரம். முதலாவதைப் பற்றிப் படங்களே எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது பதிவு அலுவலகத்தில் தூங்குகிறது.

நமக்கும் ஒரு பட்டியல் கதை உண்டு. பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசி வீசியே தேர்ந்தவர். வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற தேவை வந்தபோது இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண்குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்த அந்த மனிதரை இந்து அணி கடைசிவரை தலைவராக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல்தான் அந்த இடத்தைப் பிடித்தார். பாலு 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணலை எதிர்த்து நின்று தோற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பட்டியலில் இடம் கொடுப்பவன் அந்த இடத்துக்கு ஒரு விலையும் வைத்திருப்பான்.

இனி அமெரிக்கா. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் டொலீடோ அணிக்காகப் பெரிய லீகில் ஆடியிருக்கிறார். 1887இல் சர்வதேச லீக் என்ற அடுத்த நிலை லீகின் உரிமையாளர்கள் கூடி, இனிமேல் கறுப்பர்களோடு புது ஒப்பந்தம் போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். பெரிய லீகுகள் அப்படி எழுதிக்கூட வைக்கவில்லை. தேவைப்படவில்லை. நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளைக்கு அரசாணை உண்டா என்ன? அறுபது ஆண்டு அந்த எழுதாத சட்டம் நின்றது.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1920 பிப்ரவரியில் ரூப் ஃபாஸ்டர் என்ற கறுப்பினப் பந்துவீச்சாளர், அணி முதலாளியும்கூட, கன்சாஸ் சிட்டியில் மற்ற அணி உரிமையாளர்களைக் கூட்டி நீக்ரோ நேஷனல் லீகைத் தொடங்கினார். அன்று அந்தப் பெயர்தான். பேருந்து ஓட்டுநர், சீட்டு கிழிப்பவர், நடுவர், செய்தியாளர், அணிக்குச் சோறு போட்ட விடுதிக்காரம்மா என்று அதைச் சுற்றி ஒரு பொருளாதாரமே வளர்ந்தது. சிகாகோவில் ஆண்டுதோறும் நடந்த கிழக்கு மேற்கு ஆட்டத்துக்கு ஐம்பதாயிரம் பேர் வரை திரண்ட ஆண்டுகள் உண்டு. ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த அணிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த அரங்கம் கிடையாது. வெள்ளை அணிகள் வெளியூர் போன நாட்களில் அவர்களுடைய அரங்கத்தை வாடகைக்கு எடுத்து ஆடினார்கள். வாடகை போக வந்ததுதான் வருமானம். ஆட்டக்காரர்கள் இவர்களுடையவர்கள், மனை அவர்களுடையது.

ஜாக்கி ராபின்சன் 1919இல் ஜார்ஜியாவில் வாரக் குடியானவர் வீட்டில் பிறந்தார். அடுத்த ஆண்டே தாய் மேலி ஐந்து குழந்தைகளோடு கலிஃபோர்னியாவின் பசடீனாவுக்கு ரயிலேறினார். பசடீனா நகராட்சி நீச்சல் குளத்தில் வெள்ளையர் அல்லாதவர்கள் வாரத்தில் ஒரு நாள் மட்டும் இறங்கலாம். மகாட் குளத்தை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அண்ணன் மேக் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கியவர். ஊர் திரும்பியதும் பசடீனா தெருக்களைக் கூட்டும் வேலைதான் கிடைத்தது. ஜாக்கி 1944இல் ராணுவ அதிகாரியாக இருந்தபோது டெக்சஸில் பேருந்தின் பின்பக்கம் போக மறுத்தார். ராணுவ நீதிமன்றம் விசாரித்து விடுதலை செய்தது. 1945இல் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு ஏப்ரலில் பாஸ்டனில் நடந்த ஒரு சங்கதியைப் பாடப் புத்தகங்கள் ஓரமாகத் தள்ளிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடத்த அங்கே நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். மச்னிக் என்ற மன்ற உறுப்பினர், கறுப்பர்களுக்கு வாய்ப்புத் தராவிட்டால் அந்த அனுமதியைத் தடுப்பேன் என்று நின்றார். கறுப்பினப் பத்திரிகையாளர் வெண்டல் ஸ்மித் ராபின்சன் உட்பட மூவரை அழைத்துவந்தார். ரெட் சாக்ஸ் அணி ஒப்புக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டது. பெரிய லீகில் கடைசியாக, 1959இல்தான், ஒரு கறுப்பரைச் சேர்த்த அணி அது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது தோல்வியை அல்ல. தனியார் அணியாக இருந்தாலும் அது பொது அனுமதியைக் கொண்டே பிழைக்கிறது என்பதை ஒருவர் கண்டுபிடித்து அந்த இடத்தில் கை வைத்தார். கம்யூனிஸ்டுகளின் டெய்லி வொர்க்கர் நாளேட்டில் லெஸ்டர் ராட்னி 1936 முதல் எழுதிவந்தது, அரங்க வாசல்களில் நடந்த மறியல், வேலையில் பாகுபாட்டைத் தடை செய்து 1945இல் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த சட்டம் எல்லாம் சேர்ந்த நெருக்கடியில்தான் டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி 1945 ஆகஸ்ட் 28 அன்று ராபின்சனைத் தன் அறைக்கு வரவழைத்தார். மாதம் 600 டாலர், முன்பணம் 3,500 டாலர். ரிக்கிக்கு மதப்பற்று இருந்தது, மனசாட்சி இருந்தது, வியாபார மூளையும் இருந்தது. மூன்றில் எது பெரிது என்று வாதாடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

1946இல் ராபின்சன் டாட்ஜர்ஸின் துணை அணிக்காக மான்ட்ரியலில் ஆடினார். அதே ஆண்டுதான், கறுப்பர்கள் ஐ.நா. சபைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டு அண்ணல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் எப்பெட்ஸ் ஃபீல்டில் இறங்கினார். அவர் வாங்கிய வசைகள், கொலை மிரட்டல்கள், திருப்பிப் பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிய அந்த முதல் ஆண்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அந்த ஆண்டு எப்பெட்ஸ் ஃபீல்டுக்கு 18 லட்சம் பேர் வந்தார்கள். அந்த மனிதரின் தைரியத்தை ஒரு துளிகூட நான் குறைத்துப் பேசவில்லை. இனிச் சொல்லப்போவது அவரைப் பற்றிய குறை அல்ல.

ராபின்சனை எடுத்துக்கொண்டதற்கு ரிக்கி மோனார்க்ஸ் அணிக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. கறுப்பர் லீகில் முறையான ஒப்பந்தமே கிடையாது, அதை ஒரு லீகாகவே கருத முடியாது என்றார். ஒரு வெள்ளை அணியிடமிருந்து ஆட்டக்காரரை எடுத்திருந்தால் விலை பேசியே ஆக வேண்டும். மோனார்க்ஸ் உரிமையாளர்கள் வெள்ளையர்கள்தான். முதலில் புகார் செய்யப்போவதாகச் சொன்னவர்கள் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். இனத்தின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பவர் என்ற பெயரை யார் வாங்குவது? நியூவார்க் ஈகிள்ஸ் அணியைக் கணவரோடு சேர்ந்து நடத்திய எஃபா மேன்லி மட்டும் வாய் திறந்தார். அவர் அணியின் பந்துவீச்சாளர் டான் நியூகோம்பையும் ரிக்கி சும்மா எடுத்துக்கொண்டிருந்தார். 1947இல் கிளீவ்லாந்து அணி லாரி டோபியைக் கேட்டபோது மேன்லி விலை கேட்டு வாங்கினார்: 10,000 டாலர், டோபி அணியில் நிலைத்தால் இன்னும் 5,000. வெள்ளையராக இருந்தால் இதைப்போலப் பல மடங்கு கொடுத்திருப்பீர்கள் என்பது அவர் வாதம். கறுப்பினப் பத்திரிகைகளே அவரைச் சுயநலக்காரி என்று சாடின.

மேன்லியின் கணக்கு நோட்டு என்ன சொன்னது? 1946இல் ஈகிள்ஸ் அணி கறுப்பர் லீகின் சாம்பியன். அந்த ஆண்டு அவர்கள் ஆட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 1,20,000 பேர். அடுத்த ஆண்டு அதில் பாதிகூட இல்லை. ரசிகர்கள் ரயிலேறி ப்ரூக்ளினுக்கு ராபின்சனைப் பார்க்கப் போய்விட்டார்கள். போகாதே என்று யார் சொல்ல முடியும்? நானாக இருந்தாலும் போயிருப்பேன். 1948 முடிந்ததும் நீக்ரோ நேஷனல் லீக் இல்லாமல் போனது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கறுப்பினப் பயிற்சியாளர், நடுவர், மேலாளர், உரிமையாளர் யாரையும் உள்ளே அழைக்கவில்லை. 1972 அக்டோபரில், இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, நாடே பார்க்கும் இறுதிப் போட்டி மேடையில் ராபின்சன் அதைத்தான் கேட்டார்: ஒரு கறுப்பர் அணியை நடத்துவதைப் பார்க்க வேண்டும். 1975இல் அது நடந்தது. அவர் பார்க்கவில்லை. அமெரிக்காவில் பிறந்த கறுப்பர்கள் 1981இல் பெரிய லீகில் 18 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தார்கள். இன்று 6 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறார்கள். 2024இல் நீக்ரோ லீக் ஆட்டக் கணக்குகளையும் பெரிய லீகின் ஏட்டில் சேர்த்தார்கள். ஜோஷ் கிப்சன் மட்டையடிச் சராசரியில் முதலிடத்துக்கு வந்தார். ஏட்டில் இடம் கிடைத்தது. லீக் திரும்பி வரவில்லை.

இனி இரண்டாவது ஆவணத்துக்கு வருகிறேன்.

1950களில் டாட்ஜர்ஸ் உரிமையாளர் வால்டர் ஓமேலிக்கு எப்பெட்ஸ் ஃபீல்டு போதவில்லை. வெள்ளையர்கள் புறநகருக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் காரில் வந்தால் நிறுத்துவதற்கு அரங்கத்தில் 700 கார்களுக்கே இடம் இருந்தது. ப்ரூக்ளினிலேயே வேறொரு இடத்தை அரசு கையகப்படுத்தித் தந்தால் சொந்தச் செலவில் அரங்கம் கட்டிக்கொள்கிறேன் என்றார். அதற்கு அவர் காட்டியது 1949 வீட்டு வசதிச் சட்டத்தை. நியூயார்க் கட்டுமானங்களின் சர்வாதிகாரியாக இருந்த ராபர்ட் மோசஸ் மறுத்தார்: தனியார் அரங்கம் பொது நோக்கம் ஆகாது. மோசஸ் ஒன்றும் ஏழைகளின் நண்பர் அல்ல. நெடுஞ்சாலைக்காகக் கறுப்பர், லத்தீன் மக்கள் வீடுகளை இடித்தவர். ஆனாலும் அன்று சட்டத்தைப் படித்தது சரியாகத்தான் படித்தார். 1957 அக்டோபரில் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போவதாக அறிவித்தது. ராபின்சன் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார். 1956 டிசம்பரில் அவரைப் பக்கத்து அணியான ஜயன்ட்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்; அவர் போகாமல் ஓய்வுபெற்றார். அந்தக் காலத்து ஒப்பந்தத்தில், தான் எங்கே ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமை ஆட்டக்காரருக்கு இல்லை. 1970இல் கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர் தன்னை விற்றதை ஏற்க மாட்டேன் என்று வழக்குப் போட்டபோது, அவருக்காகச் சாட்சி சொல்லப் போனவர் ராபின்சன். உச்ச நீதிமன்றத்தில் ஃப்ளட் தோற்றார்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் நடுப்பகுதியை ஒட்டிய மலைச்சரிவு சாவேஸ் ரவைன். பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள். மெக்சிகோ வம்சாவளி மக்கள். நகரத்தின் பல பகுதிகளில் மெக்சிகோக்காரருக்கு வீடு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்த காலத்தில், இந்தச் சரிவில் தாங்களே கட்டிய வீடுகளில் ஆடும் கோழியும் வளர்த்து வாழ்ந்தார்கள். தேவாலயம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. டான் நார்மார்க் என்ற இளைஞர் 1949இல் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன, கிடைத்தால் பாருங்கள். அதிகாரிகளின் கோப்பில் இந்த இடத்துக்குப் பெயர் சீர்கேடான பகுதி. சேரி என்ற சொல்லைக் கோப்பில் எழுதிய உடனே என்னென்ன செய்ய முடியும் என்பதை நாம் அறிவோம்.

1950 ஜூலையில் வீட்டு வசதி ஆணையத்திடமிருந்து கடிதம் வந்தது. இங்கே அரசுக் குடியிருப்பு வரப்போகிறது, நீங்கள் விற்றுவிட்டுப் போக வேண்டும், கட்டி முடித்ததும் முதல் உரிமை உங்களுக்கு. ரிச்சர்டு நொய்ட்ரா என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார்: 13 மாடிக் கோபுரங்கள் 24, இரண்டு மாடிக் கட்டடங்கள் 163. ஆணையத்தில் இதை முன்னின்று நடத்திய ஃப்ராங்க் வில்கின்சன் நேர்மையானவர். எல்லா இனத்தவரும் சேர்ந்து வாழும் வீடுகளைக் கனவு கண்டவர். மக்கள் விற்றுவிட்டுப் போனார்கள். போக மறுத்துச் சிலர் இருந்தார்கள்.

வீடுகள் கட்டப்படவே இல்லை. மனை வணிகர்களும் பெரிய நாளேடும் அரசுக் குடியிருப்பு என்பதே சோஷலிசம் என்று பிரசாரம் செய்தார்கள். 1952இல் ஒரு விசாரணையில், நீ எந்த அமைப்புகளில் உறுப்பினர் என்று வில்கின்சனைக் கேட்டார்கள். பதில் சொல்ல மறுத்தார். வேலை போயிற்று. 1953இல் திட்டத்தை நிறுத்துவேன் என்று சொல்லி நின்ற நாரிஸ் பவுல்சன் மேயரானார். காலியான நிலத்தை நகராட்சி மத்திய அரசிடமிருந்து மலிவு விலைக்கு வாங்கிக்கொண்டது. ஒரே நிபந்தனை: பொது நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும்.

நிபந்தனை நிலம் என்றதும் உங்களில் பலருக்கு 1892 நினைவுக்கு வந்திருக்கும். பஞ்சமி நிலத்துக்கும் நிபந்தனை இருந்தது. அதைக் கேட்கப்போன காரணையில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் குண்டுக்கு இரையானார்கள். நிபந்தனை எழுதப்பட்ட காகிதம் எங்கும் தொலைவதில்லை. அதைப் படிக்கும் ஆள்தான் மாறுகிறார்.

1957இல் ஓமேலி ஹெலிகாப்டரில் பறந்து அந்தச் சரிவைப் பார்த்தார். நெடுஞ்சாலைகள் கூடும் இடம், ஏறக்குறைய காலி. அக்டோபர் 7 அன்று நகர மன்றம் 10க்கு 4 என்ற வாக்கில் ஒப்பந்தத்தை ஏற்றது. நகரம் ஏறக்குறைய 300 ஏக்கரைத் தரும், நிலத்தைச் சீர்செய்ய 20 லட்சம் டாலர் தரும். மாவட்ட நிர்வாகம் சாலைகளுக்கு 27 லட்சம் டாலர் தரும். டாட்ஜர்ஸ் தன்னிடமிருந்த 9 ஏக்கர் பழைய அரங்கத்தைத் தரும், புது அரங்கத்தைத் தன் செலவில் கட்டும், சொத்து வரி கட்டும். அதன் ஆதரவாளர்கள் கடைசிப் பகுதியைத்தான் இன்றும் உரக்கச் சொல்கிறார்கள். அரங்கத்தைப் பொதுப் பணத்தில் கட்டவில்லை என்பது உண்மை. பொதுப் பணம் இருந்தது மண்ணில்.

எதிர்த்தவர்கள் கையெழுத்துத் திரட்டிப் பொது வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார்கள். 1958 ஜூன் 3. அதற்கு இரண்டு நாள் முன்பு தொலைக்காட்சியில் ஐந்து மணிநேர நேரலைப் பிரசாரம். சினிமா நட்சத்திரங்கள் வரிசையாக வந்தார்கள், ரொனால்ட் ரீகன் உட்பட. ஒப்பந்தத்துக்கு ஆதரவாக 3,51,683 வாக்குகள், எதிராக 3,25,898. இந்த வெற்றியின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளிலிருந்து. மெக்சிகோ வம்சாவளியினர் வாழ்ந்த பகுதிகளிலும் ஆதரவு வலுவாக இருந்தது. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. இது ராபின்சனின் அணி. கறுப்பரைச் சேர்த்த அணி நம் ஊருக்கு வருகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? 1947இல் பட்டியலில் எழுதிய ஒரு பெயர், பதினொரு ஆண்டு கழித்து இன்னொரு ஊரில் நிலப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது. ராபின்சனுக்கு அதில் பங்கு இல்லை. அணியை விட்டே போய்விட்ட மனிதர்.

1959 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது. மே 8 அன்று காவலர்கள் மலையேறினார்கள். அரேச்சிகா குடும்பம் இன்னும் போகவில்லை. நீதிமன்றம் நிர்ணயித்த 10,050 டாலரை அவர்கள் வாங்க மறுத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் ஒருவரைக் கைகால்களைப் பிடித்துத் தூக்கிப் படிகளில் இறக்கிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சி காட்டியது. சில நிமிடங்களில் புல்டோசர் வீட்டைத் தள்ளியது. குடும்பம் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கியது. மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த நகர மன்ற உறுப்பினர் எட்வர்டு ராய்பால் மன்றத்தில் கண்டித்துப் பேசினார். நகரமே ஒரு வாரம் அவர்களுக்காக இரங்கியது.

பிறகு ஒரு பத்திரிகை, அந்தக் குடும்பத்துக்கு வேறு இடங்களில் வீடுகள் இருப்பதாக வெளியிட்டது. உண்மைதான், இருந்தன. இரக்கம் அன்றே வற்றிவிட்டது. நகராட்சி கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்ற கேள்வி மறைந்து, இவர்களுக்கு எத்தனை வீடு என்ற கேள்வி வந்தது. நம்மில் ஒருவர் ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டியதும் இவனுக்கு எதற்கு இனிமேல் சலுகை என்று கேட்கிறார்களே, அதே குரல். ஏமாற்றப்பட்டவர் ஏழையாகவும் இருந்தால்தான் ஏமாற்று ஏமாற்றாகும் போலிருக்கிறது.

1962 ஏப்ரல் 10 அன்று அரங்கம் திறந்தது. 56,000 இருக்கைகள். சுற்றிலும் 16,000 கார்கள் நிற்கும் இடம். பாலோ வெர்டே பள்ளிக் கட்டடத்தை இடிக்கக்கூட இல்லை. கூரையைப் பிரித்துவிட்டு மண்ணைக் கொட்டி மூடினார்கள். அதன் மேல்தான் கார்கள் நிற்கின்றன.

பல ஆண்டுகள் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் சில அந்தப் பக்கமே போகவில்லை. 1981இல் டாட்ஜர்ஸ் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை ஃபெர்னாண்டோ வாலென்சுவேலாவைப் பந்து வீச இறக்கியது. வயது 20. தொடக்கத்தில் எட்டு ஆட்டம், எட்டிலும் வெற்றி. அரங்கம் ஸ்பானிய மொழியால் நிரம்பியது. தாத்தாவும் பேரனும் சேர்ந்து போனார்கள். அந்த மகிழ்ச்சி பொய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பட்டியல் பத்திரத்தை மூடும் வித்தை இரண்டாம் முறையும் பலித்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

இந்தக் கணக்கு டாட்ஜர்ஸோடு நிற்கவில்லை. மயாமியில் மாவட்டமும் நகரமும் பெரும்பங்கு செலவை ஏற்று 2012இல் அரங்கம் திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், புது அரங்கத்துக்கென்று எடுத்த நட்சத்திர ஆட்டக்காரர்களை உரிமையாளர் மொத்தமாக டொரன்டோவுக்குத் தள்ளிவிட்டார். அந்த ஒப்பந்தத்தை ஆதரித்த மாவட்ட மேயரை மக்கள் 2011இலேயே பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். கடன் பத்திரத்தை இறக்க முடியாது. அது இன்னும் பல ஆண்டு ஓடும்.

ஓக்லண்ட் நமக்கு இன்னும் நெருக்கம். 1966இல் பிளாக் பாந்தர் கட்சி பிறந்த ஊர். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் பெயர் எடுத்துக்கொண்டது அங்கிருந்து. அந்த ஊரில் பொதுப் பணத்தில் கட்டிய அரங்கத்தில் 1968 முதல் ஆடிவந்த ஏ'ஸ் அணி, கடைசி ஆண்டுகளில் தன் நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றது. 2023இல் 112 ஆட்டங்களில் தோற்றது. கூட்டம் குறைந்தது. கூட்டம் இல்லாத ஊர் என்று சொல்லி லாஸ் வேகஸுக்குப் போக அனுமதி வாங்கியது. நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரை பொதுப் பணம் ஒதுக்கியது. பயிரைக் காயவிட்டு நிலம் தரிசு என்று சான்றிதழ் வாங்குவது போன்ற வேலை. அந்த ஆண்டு ஜூனில் ஓக்லண்ட் ரசிகர்கள் தலைகீழ்ப் புறக்கணிப்பு என்று பெயர் வைத்து, வேண்டுமென்றே 27,000 பேருக்கு மேல் திரண்டு வந்து, அணியை விற்றுவிட்டுப் போ என்று உரிமையாளரைப் பார்த்து முழங்கினார்கள். 2024 செப்டம்பரோடு அணி போய்விட்டது. அரங்க நிலத்தில் நகரத்துக்கு இருந்த பாதிப் பங்கைக் கறுப்பினத்தவர் தலைமையிலான ஒரு குழுவுக்கு விற்க ஓக்லண்ட் அந்த ஆண்டு ஒப்புக்கொண்டது. அணி இல்லாமல் போன பிறகு மனை வருகிறது. நம் தோழர் இருந்திருந்தால், பதிவு முடிந்துவிட்டதா என்று முதலில் கேட்டிருப்பார்.

சாவேஸ் ரவைன் மக்களுக்கு என்ன கிடைத்தது என்று மாணவ நண்பர்கள் கேட்பீர்கள். 2024இல் கலிஃபோர்னியா சட்டமன்றம், அவர்களுக்கு இழப்பீடு தரும் வழியை ஆராய ஒரு குழு அமைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் நியூசம் ஒப்புதல் தரவில்லை. அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், டெல்லியிலிருந்து வந்தவர் அல்ல.

அந்த மூன்று குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ஸ்பானிய மொழியில் 'லோஸ் தெஸ்தெர்ராதோஸ்'. மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் என்று பொருள். ஆண்டுக்கு ஒரு முறை அரங்கத்தை ஒட்டிய எலிசியன் பூங்காவில் பிள்ளைகள், பேரப் பிள்ளைகளோடு கூடிச் சாப்பிடுகிறார்கள்.